முட்டி எத்தனை மணிக்கு வீங்கியது?

“பிலா பெங்காக்?” என்று கேட்டார் அந்த இளம் மலாய் டாக்டர். எப்போது வீங்கியது என்கிறார். அடிபட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவரை என் முட்டியைப் பார்த்த யாருமே இதைக் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். கோலாலம்பூரில் செந்தூல் பக்கத்தில் வியாழக்கிழமை இரவுகளில் ஃபுட்சால் (சின்ன மைதானக் கால்பந்து) ஆடுவோம். எல்லாரும் நாற்பதை நெருங்கியவர்கள், தொப்பைக்குப் பயந்து ஆடுகிறவர்கள். அன்று யாரும் என்னை இடிக்கவில்லை. ஓடிவந்து வலது காலை ஊன்றி இடப்பக்கம் திரும்பினேன். ஷூ தரையைப் பிடித்துக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் முருங்கைக்காயை ஒடித்தது போல ஒரு சத்தம். பத்து நிமிடம் உட்கார்ந்ததில் வலி அடங்கியது. மாமாக் உணவுக்கடைக்கு நடந்தே போனேன். தே தாரேக் டீ குடித்துவிட்டு எழுந்தால் கால் மடங்கவில்லை, முட்டி உரித்த தேங்காய் மாதிரி இருந்தது. வீடு நாலாவது மாடி. லிஃப்ட் வழக்கம்போல ரிப்பேர்.

அம்மா கோடாலித் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தார். மறுநாள் சுளுக்கு எடுப்பவரிடம் போய் உருவிக்கொண்டேன். வலி கூடியதும் ஒரு கிளினிக்குக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்து “எலும்பு நல்லா இருக்கு” என்றார்கள், மூன்று நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் நடந்தேன். ஆறிவிட்டது என்றே நினைத்தேன். மூன்றாவது மாதம், பத்துக் கிலோ அரிசியோடு படியில் திரும்பியபோது முட்டி சட்டென்று விலகியது. இந்த முறை காலை நீட்டவே முடியவில்லை. முன்பே அறுந்திருந்தது ஏசிஎல், முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்துவைக்கும் நார். அந்தப் பிடிமானம் இல்லாத முட்டிக்குள் இப்போது மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு மெத்தையும் கிழிந்து நடுவில் சிக்கிக்கொண்டது.

நான் டாக்டர் இல்லை, லாரி கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். என் தங்கை மகனுக்குப் பள்ளிக்கூடக் கால்பந்தில் இதே அடி பட்டபோது அவனுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முட்டி திருகியதும் மணியைப் பார்த்து வையுங்கள். திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ சத்தம் கேட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பெரிதாக வீங்கினால் உள்ளே சேர்ந்திருப்பது பெரும்பாலும் ரத்தம். ஏசிஎல்லுக்குள் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, அது அறுந்தால் மூட்டுக்குள் கசியும். மறுநாள் காலையில் மெதுவாக வீங்குகிற முட்டிக்கு மெனிஸ்கஸ் கிழிசலோ சிறிய சுளுக்கோ காரணமாக இருக்கலாம். இதை வைத்தே முடிவு கட்ட முடியாது, எலும்பு முறிந்தாலும் ரத்தம் கட்டும். ஆனால் டாக்டரிடம் “வலிக்குது” என்பதைவிட “ஒன்பது மணிக்குத் திருகியது, பத்து மணிக்கு வீங்கியது” என்று சொன்னால் அவர் பார்க்கும் விதமே மாறும்.

மோட்டார் சைக்கிள் விபத்து என்றால் மணி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முட்டி கோணியிருந்தாலோ, கோணிவிட்டுத் தானாகவே உள்ளே போயிருந்தாலோ, பாதம் சில்லிட்டு வெளுத்தாலோ, மரத்துப்போனாலோ, பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாவிட்டாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 999. முட்டிக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அடிபட்டிருக்கலாம். ரத்த ஓட்டத்தைச் சுமார் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் காலே போய்விடும்.

நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் “ஜவ்வு கிழிஞ்சிடுச்சு” என்பார்கள். எந்த ஜவ்வு என்று கேட்டால் தெரியாது. முட்டியில் முக்கியமான நார்கள் நான்கு. உள்ளே குறுக்காக இரண்டு. முன்னால் இருக்கும் ஏசிஎல், கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும் திருகாமலும் பிடித்துவைக்கிறது. பின்னால் இருக்கும் பிசிஎல் அதைவிடத் தடிமன். மடக்கிய முட்டி தரையிலோ கார் டாஷ்போர்டிலோ மோதினால் அடிபடுவது அதுதான். பக்கங்களில், உள்பக்கம் எம்சிஎல், வெளிப்பக்கம் எல்சிஎல். எம்சிஎல் மூட்டுக்கு வெளியே இருப்பதால் தனியாகக் கிழிந்தால் பெரும்பாலும் பிரேஸ் போட்டாலே ஆறிவிடும். ஏசிஎல் மூட்டு நீருக்குள் கிடக்கிறது. ஒட்ட வேண்டிய ரத்தக்கட்டியை அந்த நீர் தங்க விடுவதில்லை, அதனால் முழுதாக அறுந்தது தானாக ஒட்டுவது அரிது. மெனிஸ்கஸ் நாரே அல்ல, இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு.

எக்ஸ்ரேயில் இவை எதுவும் தெரியாது, அதற்குத் தெரிவது எலும்பு. நான்கு எட்டு எடுத்துவைக்க முடியாதவர், முட்டியை 90 டிகிரி மடக்க முடியாதவர், 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர் கட்டாயம் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், சரி. ஆனால் “எலும்பு நல்லா இருக்கு” என்றால் எலும்பு மட்டும்தான் நல்லா இருக்கிறது. ஏசிஎல்லைப் பார்க்க நல்ல டாக்டரின் கையே போதும். முட்டியை 20, 30 டிகிரி மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்து, கீழ்க்காலை முன்னே இழுப்பார். லாக்மன் டெஸ்ட் என்று பெயர். நல்ல காலில் ‘டக்’கென்று நிற்கும், அறுந்த காலில் நிற்காது. வீங்கியிருக்கும்போது தசை இறுகி ஏமாற்றிவிடும். ஆகவே முதல் நாள் ஒன்றுமில்லை என்றாலும் ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி காட்டுங்கள். எம்ஆர்ஐ அதற்கப்புறம்.

முதல் இரண்டு மூன்று நாள் தைலம், சூட்டு ஒத்தடம், உருவல் மூன்றும் கூடாது. ரத்தம் கசியும் இடத்தைச் சூடாக்கித் தேய்த்தால் இன்னும் கசியும். (இதை அம்மாவிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதுதான் சிரமம்.) துணியில் சுற்றிய ஐஸ் 15, 20 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. எலாஸ்டிக் கட்டு. படுக்கும்போது காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். ஊன்றுகோலோடு படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். “ஏத்தி விடுறவன் நல்லவன், இறக்கி விடுறவன் கெட்டவன்” என்று எங்கள் பிசியோ சொல்லிக்கொடுத்தார், மறக்கவே இல்லை.

இனி, எல்லாரும் செய்யும் தப்பு. வீங்கிய முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். வைக்காதீர்கள். முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும், அப்புறம் நொண்டிதான். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டிக்கு அடியில் ஒன்றும் இல்லாமல், அது தன் எடையிலேயே கீழே இறங்கட்டும். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. அதே நிலையில் தொடைத் தசையை இறுக்கி 5 விநாடி பிடித்து விடுங்கள், பத்துமுறை. பார்த்தால் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். ஆனால் முட்டி வீங்கியதும் தொடைத் தசை தூங்கிப்போகும், அதை எழுப்புகிற வேலை இது. முட்டி முழுதாக நீண்டு வீக்கம் வற்றிய பிறகுதான் ஏசிஎல்லுக்குக் கத்தி வைப்பது வழக்கம். இறுகிய முட்டியில் அறுவை செய்தால் மேலும் இறுகும். ஒன்று: என்னைப் போல நடுவில் எதுவோ சிக்கி நீட்ட முடியாமல் நின்றுவிட்டால் பலவந்தமாக அழுத்தாதீர்கள். அதை டாக்டர் சீக்கிரம் பார்க்க வேண்டும்.

அறுவை வேண்டுமா? எல்லாருக்கும் வேண்டாம். ஸ்வீடனில் ஏசிஎல் அறுந்த 121 இளைஞர்களை வைத்து நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் அறுவை என்று விடப்பட்டவர்களில் ஐந்து வருடம் கழித்தும் ஏறக்குறைய பாதிப்பேர் கத்தி இல்லாமலே இருந்தார்கள். சட்டென்று திரும்பி, திசை மாறி, குதித்து ஆடுகிறவர், சாதாரண நடையிலேயே முட்டி விலகுகிறவர், மெனிஸ்கஸையும் தைக்க வேண்டியவர், இவர்களுக்கு அறுவைதான் நல்லது. அலுவலகம், நடை, நீச்சல் போதும் என்பவர் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டு முடிவெடுக்கலாம். புதிய நாரைத் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ எடுப்பார்கள். தொழுகையில் மண்டியிடுகிறவர், தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர் அதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சில்லுக்குக் கீழே எடுத்தால் மண்டியிடும்போது வலி தங்குவதுண்டு. அறுவைக்குப் பின் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ மறுநாள்வரை பொறுக்காதீர்கள்.

செலவு: மலேசியக் குடிமக்களுக்குக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) 1 வெள்ளி (ரிங்கிட்), அரசாங்க நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. அறுவைக்கான திருகு, பட்டன் சாமான்களை நாமே வாங்க வேண்டுமா என்று தேதி குறிக்கும்போதே கேளுங்கள். வேலைக்குப் போகும் வழியில் விபத்து என்றால் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) உண்டு. போலீஸ் ரிப்போர்ட் எடுத்து முதலாளிக்கு உடனே சொல்லுங்கள், அவர் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

அறுவைக்குப் பிறகு மூன்றாவது மாதம்தான் ஏமாற்றும் மாதம். வலி இருக்காது, வீக்கம் இருக்காது. உள்ளே வைத்த நாரோ இன்னும் பலவீனமாக, எலும்போடு சேர்ந்துகொண்டிருக்கும். நார்வே ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதம்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பூப்பந்து பார்ப்பவர்களுக்கு கரோலினா மரினைத் தெரியும். 2019-இல் வலது முட்டி, 2021-இல் இடது, 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் மறுபடி வலது. உலகத்தரமான பயிற்சி இருந்தும் அப்படி. ஒன்பது மாதம் குறைந்தபட்சம், அதோடு அடிபட்ட கால் நல்ல காலின் பலத்தில் 90 விழுக்காடாவது எட்டியிருக்க வேண்டும்.

தங்கை மகனுக்கு இப்போது ஏழாவது மாதம். “மாமா, வலியே இல்ல, வெள்ளிக்கிழமை மட்டும் போறேன்” என்று வந்து நின்றான். பிசியோவில் செய்வது போலவே கார் பார்க்கில் அளவு டேப்பை விரித்து ஒற்றைக் காலில் தாண்டச் சொன்னேன். நல்ல கால் 150 சென்டிமீட்டர். அடிபட்ட கால் 126. கணக்கை அவனையே போடச் சொன்னேன். 84 என்றான், முகத்தைத் தூக்கிக்கொண்டு. பூட்ஸ் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.