குன்னூர் குளிர்ல குட்டிக்கு எழுத்து பழக்குறது எப்படி

மூணு நாலு வயசு பிள்ளை கையில உடனே பென்சில குடுத்து 247 எழுத்தையும் எழுதுன்னு உக்கார வைக்காதீங்க ப்ளீஸ், விரலுக்கு அந்த பலம் இன்னும் வரல, முதல்ல காதுதான். தூங்குறதுக்கு முன்னாடி கதை படிங்க, படிக்குற வரிய விரலால தொட்டுகிட்டே போங்க, அதே கதைய மறுபடி கேட்டாலும் சலிக்காம படிங்க, அப்படித்தான் வார்த்தை மனசுல ஒட்டும்.

காலைல ஜன்னல் கண்ணாடி ஆவி படிஞ்சு மங்கலா இருக்கும்ல, அதுல ட, ப எழுத விடுங்க, ரெண்டும் நேர்கோடுதான், சுழி வர்ற அ, இ எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

பஸ் ஸ்டாண்டுல போர்டை காட்டி "குன்னூர்ல வர்ற கு, குரங்குலயும் வருதா?"ன்னு கேளுங்க.

வீட்ல படுகு (நீலகிரி படுகர் மக்களோட மொழி) பேசுறவங்க கதைய படுகுலயே சொல்லுங்க, அதுல பழகுற காது தமிழுக்கும் உதவும்.