கேலிக் மைதானத்தின் ஓரத்தில் நிற்பவர்கள் நடுவரிடம் செய்யக்கூடாத தவறுகள்

அயர்லாந்தில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களில் நிறைய பேருக்கு இப்போது சனிக்கிழமை காலை என்றால் ஜி.ஏ.ஏ. (கேலிக் கால்பந்து, ஹர்லிங் ஆட்டங்களை நடத்தும் அயர்லாந்துச் சங்கம்) மைதானம்தான். எங்கள் கிளப்பின் சிறார் அணிகளுக்கு இந்த ஆண்டு புதிதாகச் சில பெற்றோர் வந்திருக்கிறார்கள். அவர்கள் ஓரக்கோட்டில் நிற்பதைப் பார்க்கும்போது எட்டு வருடத்துக்கு முன்னால் நான் நின்றதுதான் கண்ணில் தெரிகிறது. இதே தவறுகளை இதே இடத்தில் நின்று நானும் செய்திருக்கிறேன். அப்புறம் பயிற்சியாளர்களுக்கு உதவப் போய், நடுவர் பயிற்சி முடித்து, இப்போது விசிலும் ஊதுகிறேன்.

நடுவரைக் கெட்ட வார்த்தையில் திட்டாதீர்கள், கையை ஓங்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். நல்லவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறுகளைப் பற்றித்தான் இது.

மகன் ஆடும் விதியை மகள் ஆட்டத்தில் தேடுவது

ஆண்கள் கேலிக் கால்பந்தில் தரையில் கிடக்கும் பந்தைக் கையால் நேரடியாக எடுக்கக்கூடாது. கால் விரலால் நெம்பித்தான் கைக்குக் கொண்டுவர வேண்டும். பெண்கள் கால்பந்துக்குச் சங்கமும் வேறு, விதியும் கொஞ்சம் வேறு. அங்கே குனிந்து கையாலேயே எடுக்கலாம். மகனுடைய ஆட்டங்களை மட்டும் இரண்டு வருடம் பார்த்துவிட்டு மகளின் முதல் போட்டிக்குப் போனேன். எதிரணிப் பெண் பந்தைக் குனிந்து எடுத்த ஒவ்வொரு முறையும் 'ரெஃப், பிக் அப்!' என்று கத்தினேன். நடுவர் பாதி ஆட்டம் வரைக்கும் பொறுத்துக்கொண்டார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் ஓடக்கூடாது, தொடர்ந்து இரண்டு முறை தரையில் தட்டக்கூடாது என்று எண்ணிப் பார்க்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. ஓடிக்கொண்டே அத்தனையையும் பார்க்கிறவர் ஒரே ஒருவர். விதியைப் படிக்காமல் கத்துகிற ஒவ்வொருவரும் அவருடைய கவனத்தில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

அம்பயராக நிற்கக் கூப்பிட்டால் நழுவுவது

நழுவாதீர்கள். ஒரு தடவை கோல் கம்பத்தடியில் நின்றால் போதும், மேலே பறக்கிற ஸ்லிட்டர் (மட்டையால் ஆடும் ஹர்லிங்கின் பந்து) கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துவிடும்.

'நான் மரியாதையாகத்தான் கேட்டேன்'

இதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கும் இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஹர்லிங் போட்டி அது. இந்த வயது வரை நடப்பவற்றை கோ கேம்ஸ் என்பார்கள். எல்லாப் பிள்ளையும் ஆட வேண்டும் என்பதுதான் அதில் நோக்கம், கோப்பை பெரிதல்ல. விசில் ஊத வந்தவன் பதினைந்து வயதுப் பையன். இந்த வயதுப் பிள்ளைகளைச் சின்னவர்களின் ஆட்டத்துக்கு நடுவராகப் பழக்க ஜி.ஏ.ஏ.வில் யங் விஸ்லர்ஸ் என்று ஒரு திட்டமே இருக்கிறது. அன்றைக்கு எதிரணிப் பையன் ஒருவன் பந்தைக் கையால் தட்டிக் கொடுக்காமல் எறிந்துவிட்டான், அதிலிருந்து கோல் விழுந்தது என்பது என் கணிப்பு. ஹர்லிங்கில் எறிவது தவறு. ஆனால் தட்டியதா எறிந்ததா என்று கண்டுபிடிப்பது பெரிய நடுவர்களுக்கே கடினம்.

ஆட்டம் முடியும் வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. விசில் ஊதியதும் சிரித்த முகத்தோடு மைதானத்துக்குள் நடந்தேன். குரலை உயர்த்தாமல், 'அந்த கோலுக்கு முன்னால் பையன் எறிந்ததை நீ பார்த்தாயா?' என்று கேட்டேன். எப்படி எறிவது, எப்படித் தட்டுவது என்று கையால் செய்தும் காட்டினேன். எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு அப்பாக்கள் வந்து நின்றார்கள். அதை நான் கவனிக்கவில்லை. பையன் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தான். 'சாரி' என்றான். தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நடுவர் பட்டியலில் அவன் பெயர் வரவே இல்லை. கிளப்பில் போட்டிகளை ஒழுங்கு செய்பவர் அவன் அம்மாவிடம் விசாரித்தார். ஓரத்திலிருந்து கத்துகிறவர்களை அவன் பழகிக்கொண்டானாம். மூன்று பெரியவர்கள் சுற்றி நின்றதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அடுத்த மாதம் ஆளில்லாமல் எங்கள் பிள்ளைகளின் ஒரு போட்டி ரத்தானது. அவன் பிறகு நடுவராக வரவே இல்லை. ஹர்லிங் ஆடுவதைக்கூட விட்டுவிட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

கத்துகிறவனுக்குத் தான் கத்தியது தெரியும், வீட்டுக்குப் போய் வருத்தமாவது படுவான். மரியாதையாகக் கேட்டவனுக்குத் தான் செய்தது தவறென்றே தெரியாது, அடுத்த வாரமும் போய்க் கேட்பான். நீங்கள் கேட்பதால் முடிந்த ஆட்டத்தின் முடிவு மாறாது. அப்படியானால் அந்தக் கேள்வி எதற்கு? நடுவர் தவறு செய்துவிட்டார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்கத்தான். அதுவும் அவர் தனியாக நடந்து காருக்குப் போக வேண்டிய நேரத்தில், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

'ஆனால் நடுவர் உண்மையிலேயே தவறு செய்திருந்தால்?' என்று எல்லோரும் கேட்பார்கள். செய்வார்கள். 2010 ஜூலையில் டப்ளினின் குரோக் பார்க்கில் லென்ஸ்டர் மாகாணக் கால்பந்து இறுதி ஆட்டம், லௌத், மீத் என்ற இரண்டு கவுன்ட்டிகளுக்கு (மாவட்டங்களுக்கு) நடுவே. கடைசி நொடிகளில் மீத் அடித்த கோல் செல்லவே செல்லாத கோல். ஆனால் நடுவர் கொடுத்துவிட்டார், மீத் ஜெயித்தது. 1957க்குப் பிறகு அதுவரை லௌத் அந்தக் கோப்பையைத் தொட்டதே இல்லை. அந்த ஊர்க்காரர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் விசில் ஊதியதும் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி நடுவரைத் துரத்தினார்கள், அவரைப் பிடித்துத் தள்ளினார்கள். முடிவு தவறு என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். இருந்தும் மறு ஆட்டம் நடக்கவில்லை. அன்றைக்கு யாருக்கு என்ன கிடைத்தது? 2025 மே மாதம் அதே மீத்தை 3-14க்கு 1-18 (முதலில் கோல், அடுத்து புள்ளி; ஒரு கோலுக்கு மூன்று புள்ளி) என்று தோற்கடித்துத்தான் லௌத் அந்தக் கோப்பையை வாங்கியது.

இது பெரியவர்கள் ஆட்டத்தோடு நிற்பதும் இல்லை. 2022இல் ரோஸ்காமன் கவுன்ட்டியில் ஒரு சிறார் போட்டியில் நடுவரைத் தாக்கியதில் அவர் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த அக்டோபரில்தான் நடுவர்களை மதிப்பதற்கென்றே ஜி.ஏ.ஏ. ஒரு வார இறுதியை ஒதுக்கியது. மரியாதையாகக் கேட்பதற்கும் அடிப்பதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவரிடம் நடந்துபோய்க் கணக்குக் கேட்கலாம் என்று நினைக்கும் இடத்தில்தான் இரண்டுமே தொடங்குகின்றன.

2025இல் கேலிக் கால்பந்துக்கு வந்த புது விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதைத் தொட்டதுதான். நடுவரின் முடிவை எதிர்த்துப் பேசினால் ஃப்ரீ கிக் 50 மீட்டர் முன்னே போய்விடும். முன்பு 13 மீட்டர்தான். நடுவரிடம் விளக்கம் கேட்க வேண்டுமானால் அதற்கு கேப்டன் இருக்கிறார். ஆடுகிற பதினைந்து பேருக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், காபிக் கோப்பையோடு ஓரத்தில் நிற்கும் நமக்கு எந்த உரிமை?

சரி, மனதில் குறை இருந்தால் என்ன செய்வது? அன்றைக்கு ஒன்றும் செய்யாதீர்கள். மறுநாளும் அது உறுத்தினால், 'பானிஷ்டோர்' என்று எழுதிய மேலங்கி போட்ட அணி மேலாளரிடம் சொல்லுங்கள். ஐரிஷ் மொழியில் மேலாளருக்கு அதுதான் பெயர். அவருக்கும் அது சரியென்று பட்டால் கிளப் செயலாளர் வழியாகப் போகும். என் அனுபவத்தில் பத்தில் எட்டுக் குறை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் தானாகவே கரைந்துவிடுகிறது.

வாட்ஸாப் குழுவில் நடுவரைப் பற்றி எழுதுவது

கூடாது. ஜி.ஏ.ஏ. கிளப் பெரும்பாலும் ஒரே பாரிஷை, அதாவது ஒரே தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்கள் கூடுகிற இடம். அந்த நடுவரின் அக்காதான் உங்கள் பிள்ளைக்குப் பாடம் எடுக்கிறவராக இருப்பார்.

வீடு திரும்பும் காரில் பேசுவது

'அந்த ரெஃப்பாலதான் தோத்தோம்' என்று முன் சீட்டில் சொல்வது பின் சீட்டுக்குப் போய்ச் சேரும். என் மகன் ஒன்பது வயதில் அடுத்த ஆட்டத்தில் நடுவரைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டினான், நான் ஓரத்தில் நின்று செய்கிற மாதிரியே. அன்றைக்குத்தான் காரில் நடுவர் பேச்சை நிறுத்தினேன். எந்தப் பந்தை நன்றாக அடித்தான், யாருக்குக் கொடுத்தான் என்று மட்டும் இப்போது கேட்கிறேன்.

கை கொடுக்காமல் கிளம்புவது

தோற்றாலும் ஜெயித்தாலும் 'தேங்க்ஸ், ரெஃப்' என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பிள்ளையையும் சொல்ல வையுங்கள். அந்த இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை ஒரே புள்ளியில் தோற்றோம். பதினாறு வயதுப் பெண்தான் விசில். ஆட்டம் முடிந்ததும் மதுரைக்காரப் புது அப்பா ஒருவர் சிரித்த முகத்தோடு உள்ளே நடக்க ஆரம்பித்தார். எனக்கு அந்த நடை நன்றாகத் தெரியும். 'அண்ணா, கொஞ்சம் இங்க வாங்க, இந்தக் கூம்பையெல்லாம் எடுக்கணும்' என்று கூப்பிட்டேன். 'ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறேன்' என்றார். 'தெரியும், அதான் கூப்பிட்டேன்' என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இரண்டு பேரும் கூம்புகளைப் பொறுக்கி அடுக்கினோம். பிள்ளைகள் வரிசையாகக் கை கொடுத்து முடித்தார்கள். அந்தப் பெண் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு அவள் அம்மா கார் நின்ற பக்கம் நடந்தாள். அந்தப் பையனின் கதையை அப்புறம்தான் அவருக்குச் சொன்னேன்.