"வீட்டுலதானே இருக்கே?"

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்கிறார்கள், ஒத்துக்கொள்ளட்டுமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கிறதா?

எனக்கு இருக்கவில்லை. மென்பொருள் சோதிக்கிற வேலை எனக்கு. டெஸ்டிங் என்றால்தான் எல்லோருக்கும் புரிகிறது. ஆறு வருடம் ஆபீஸ் போய்வந்தேன், 2020 மார்ச்சில் எல்லோரையும் போல வீட்டுக்கு வந்தேன். மற்றவர்கள் திரும்பிப் போனார்கள், நான் போகவில்லை. படுக்கையறை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சின்ன மேஜை. கதவு கிடையாது. அப்போது மகளுக்கு ஐந்து வயது. அவளிடம் ஓர் ஒப்பந்தம் போட்டேன்: ஹெட்போன் தலையில் இருந்தால் அம்மா ஆபீஸில் இருக்கிறாள், கழுத்தில் தொங்கினால் வீட்டுக்கு வந்துவிட்டாள். பழக மூன்று வாரம் ஆனது. அதற்குள் அவள் எத்தனை மீட்டிங்கில் வந்து பென்சில் சீவித் தரச் சொன்னாள் என்பதற்குக் கணக்கில்லை.

கதவு இல்லாதவர்கள் இப்படி ஏதாவது ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நீங்களும் மதிக்க வேண்டும். ஒருநாள் வேலை முடிந்தும் ஹெட்போனைக் கழற்றாமல் செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு துண்டுத் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். புதிதாக எழுதப் பழகிய கோணல் எழுத்தில், "அம்மா எப்ப வீட்டுக்கு வருவே?"

பெரியவர்களை வழிக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டம். "வீட்டுலதானே இருக்கே, கூரியர் வந்தா வாங்கி வெச்சிடு." "வீட்டுலதானே இருக்கே, அஞ்சு நிமிஷம் போன் பேசினா என்ன?" இதற்கு "வேலை இருக்கு" என்ற பதில் செல்லாது. அவர்கள் கண்ணுக்கு நீங்கள் உட்கார்ந்துதான் இருக்கிறீர்கள். நேரத்தைச் சொல்லுங்கள். "மூணு மணிக்கு எழுந்திருப்பேன், அப்ப பண்றேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மூன்று மணிக்கு மறக்காமல் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, எல்லோரும் முதலில் சொல்கிற லாபம்: போய்வருகிற நேரம் மிச்சம். எனக்கு ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் மிச்சமாக வேண்டும். ஆனால் ஒரு வருடம் கழித்தும் படிக்க எடுத்த புத்தகம் பாதியிலேயே கிடந்தது. அந்த நேரம் எங்கேதான் போகிறது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். சராசரியாகப் பார்த்தால் காலையில் கூடுதலாகப் புரண்டு படுத்தது 40 நிமிடம். சமையலறையில் 25. நடைப்பயிற்சி 15. மீதி 70 நிமிடம் ஆபீஸ் வேலை. யாரும் கேட்கவில்லை, நானாகவே கொடுத்திருக்கிறேன்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. சீனாவின் சி-ட்ரிப் என்ற பயண நிறுவனத்தில், அழைப்பு மையத்தில் வேலை பார்த்தவர்களை வைத்து ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூம் குழு ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தி, 2015இல் முடிவை வெளியிட்டது. வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. எல்லோரும் மேற்கோள் காட்டுகிற எண் இது. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். அதில் 9 சதவீதம், இடைவேளையும் விடுப்பும் குறைந்து ஒவ்வொரு ஷிஃப்டிலும் கூடுதல் நிமிடம் உழைத்ததால் வந்தது. அமைதியான இடத்தில் வேகமாக முடித்ததால் கிடைத்தது 4 சதவீதம்தான்.

ஆகவே நாளுக்கு இரண்டு கரை கட்டுங்கள். காலையில் நான் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் மேஜையில் உட்காருவேன். ஆபீஸுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். மாலையிலும் அதே சுற்று. லேப்டாப்பை அணைத்து, பையில் போட்டு, பையை பீரோ மேல் தூக்கி வைத்துவிடுவேன். மறுபடி எடுக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு 'அந்த மெயிலை மட்டும் பார்த்துடலாமே' என்று கை அரிக்கும்போது, ஸ்டூலை நினைத்தாலே சோம்பல் வந்துவிடும். பிரான்ஸில் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், வேலை நேரத்துக்கு வெளியே ஊழியர் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றிப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று 2017 முதல் சட்டமே இருக்கிறது. போர்ச்சுகலில் 2021இல் ஒரு படி மேலே போய், வேலை நேரம் முடிந்தபின் முதலாளி ஊழியரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றார்கள். அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் ஸ்டூல்தான்.

நாற்காலி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் மூன்று மாதம் உட்கார்ந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டவள் சொல்கிறேன், கையில் இருக்கிற பணத்தில் முதல் செலவு அதுதான். பாதம் தரையில் பதிய வேண்டும், முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும், திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். லேப்டாப்பைப் பழைய புத்தகங்கள் மேல் ஏற்றிவிட்டு, தனிக் கீபோர்டும் மவுஸும் வைத்துக்கொண்டால் போதும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும்; முதுகுக்குப் பின்னால் இருந்தால் வீடியோவில் உங்கள் முகம் கரியாகத் தெரியும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி இருப்பதை இருபது விநாடி பாருங்கள்.

வைஃபை பற்றி ஒரு குறிப்பு. எனக்குத் தினமும் மதியம் ஒரே நேரத்தில் மீட்டிங் உறைந்து போகும். இணைய இணைப்புக்காரரிடம் இரண்டு வாரம் சண்டை போட்டேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி எங்கள் வீட்டு மைக்ரோவேவ். அது ஓடும்போது, வைஃபை பயன்படுத்துகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடையூறு வரும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டி அதிக தூரம் போகாது. மோடம் இருக்கிற அறையிலேயே மேஜை போட முடிந்தால் நல்லது, கேபிள் இழுத்துவிட்டால் இன்னும் நல்லது.

இதுவரை சொன்னதையெல்லாம் சமாளித்துவிடலாம். கண்ணில் படாமல் போவதுதான் எனக்கு வலித்த விஷயம். எங்கள் குழுவில் லீட் பதவி காலியானபோது, எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போனது. கேட்டதற்கு மேனேஜர், "உண்மையைச் சொல்லட்டுமா? அந்த நேரத்துல உங்க பேர் ஞாபகத்துக்கே வரலை" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதே சி-ட்ரிப் சோதனையிலும் இதுதான் நடந்தது. செய்த வேலையை வைத்துப் பார்த்தால் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவு. சோதனை முடிந்ததும் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பினார்கள். தனிமையும் ஒரு பெரிய காரணம்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மேனேஜருக்கு ஐந்து வரி எழுதி அனுப்புகிறேன். என்ன முடிந்தது, எது மாட்டிக்கொண்டு நிற்கிறது, யாரிடமிருந்து என்ன வேண்டும். பெருமை பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று முதலில் கூசியது. ஆபீஸில் இருந்தால் நடைபாதையில் நின்று சொல்லியிருப்போம், இங்கே நடைபாதை இல்லை. அப்புறம், தினமும் சக ஊழியர் ஒருவரை வேலை விஷயம் இல்லாமல் சும்மா கூப்பிடுங்கள். ஒருநாள் மாலை நான்கு மணிக்குத்தான் முதல்முறையாக வாயைத் திறந்தேன், குரல் கரகரத்தது. அன்றைக்குத்தான் இந்தப் பழக்கத்தைத் தொடங்கினேன்.

வாரத்தில் சில நாள் ஆபீஸ் போக வழி இருந்தால் விடாதீர்கள். அதே சி-ட்ரிப் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடந்து 2024இல் வெளியான ஆய்வில், இரண்டு நாள் வீடு, மீதி நாள் ஆபீஸ் என்று இருந்தவர்களிடையே வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை. முதல் வேலையில் சேருகிறவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு: ஒன்றிரண்டு வருடம் ஆபீஸ் போங்கள். எனக்குத் தெரிந்த வேலையில் பாதி, பக்கத்து இருக்கையில் இருந்தவர் போனில் பேசுவதைக் கேட்டுக் கற்றது.

சரி, ஒத்துக்கொள்வதற்கு முன்னால் கம்பெனியிடம் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள். வேலை நேரம் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, நாற்காலிக்கும் இணையத்துக்கும் யார் செலவு செய்வது, ஒரு மாதம் பார்த்துவிட்டு ஒத்துவராவிட்டால் திரும்பி வரலாமா. அந்த ஒரு மாதமும் நான் போட்ட மாதிரி ஒரு நோட்டுப் போடுங்கள். ஆபீஸ் வேலை என்ற கட்டத்தில் என்னுடைய 70 நிமிடத்தைவிட அதிகம் வந்திருந்தால், முதலில் ஒரு ஸ்டூல் வாங்குங்கள்.