வளர்ப்புப் பிள்ளைகளோடு கனடா போவதென்றால்

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒரே சட்டியில் சோறு, ஒரே மேசையில் படிப்பு, சண்டை பிடித்தால் மூவருக்கும் ஒரே ஏச்சு. ஆனால் கனடா விண்ணப்பப் படிவத்தில் மூவரும் மூன்று விதமான ஆட்கள். இது விளங்க எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் போனது. அதற்கிடையில் மூத்தவனுக்குத் திறந்திருந்த ஒரு கதவு மூடிப்போனது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 43 வயது. யாழ்ப்பாணத்தில் தாதி உத்தியோகத்தர். கணவருக்கு மின்சார வேலை. கடைக்குட்டி நாங்கள் பெற்றவன், 2011. மூத்தவனும் (2006) நடுவிலாளும் (2009 ஜனவரி) கணவரின் தங்கையின் பிள்ளைகள். மச்சாள் 2014இல் சிறுநீரக வருத்தத்தால் காலமானார். அவரின் கணவரை 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. பிள்ளைகள் கோண்டாவிலுக்கு எங்களிடம் வந்தபோது அவனுக்கு எட்டு வயது, அவளுக்கு ஐந்து. அவர்களுக்கு நான் மாமி. இன்றைக்கும் மாமிதான்.

நாற்பதை எட்டிய ஆட்கள் வெளிநாட்டுக் கதை தொடங்கினால் முதலில் புள்ளிக் கணக்குத்தான் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது தொழில் தெரிந்தவர்களைப் புள்ளி போட்டு நிரந்தர வதிவிடத்துக்கு அழைக்கும் கனடா முறை. அதில் கணவன் அல்லது மனைவியோடு விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை வயதுக்காக 100 புள்ளி. 40இல் அது 45, 41இல் 35, 42இல் 25, 43இல் 15, 44இல் 5. 45இல் பூச்சியம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டுகிறோமோ புள்ளி வெட்டுகிறோமோ என்று கணவர் பகிடி விடுவார். இந்த வயதில் பொது அழைப்புச் சுற்றை நம்பி இருக்க வேண்டாம். ஒரு மாகாணம் உங்களை நியமித்தால் 600 புள்ளி சேரும், வயதால் போனது பிறகு பெரிதில்லை. தாதி, மின்சாரம், தச்சு போன்ற தொழில் கையில் இருந்தால் மாகாணத் திட்டங்களை முதலில் தேடுங்கள். எனக்கு 2023இல் அப்படித்தான் கிடைத்தது.

ஆனால் புள்ளிக் கணக்கைத் திறப்பதற்கு முதல் ஒரு கொப்பித் தாளில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி, பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: பிறந்த திகதி, பெற்றோர் உயிரோடா இல்லையா (அதை எந்தக் கடதாசி சொல்கிறது), நீங்கள் அந்தப் பிள்ளைக்குச் சட்டப்படி யார்.

மூன்றாவதில்தான் எங்கள் ஊர் ஆட்கள் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். கனடா ‘தங்கியிருக்கும் பிள்ளை’ என்று எடுப்பது நீங்கள் பெற்ற பிள்ளையை, அல்லது சட்டப்படி மகவேற்ற (தத்தெடுத்த) பிள்ளையை. வயது 22க்குக் கீழே, மணமாகாதவர். எடுத்து வளர்த்த பிள்ளை இதற்குள் வராது. நீதிமன்றம் உங்களைப் பாதுகாவலராக நியமித்திருந்தாலும் வராது. கிராம சேவகர் ‘இவர்தான் பத்து வருடமாக வளர்க்கிறார்’ என்று கடிதம் தரலாம். அது ஆதாரமாக உதவும், உறவைத் தராது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் பிள்ளையைச் சுவீகாரம் எடுக்க, உறவினர் அறிய மஞ்சள் தண்ணீர் குடிக்கும் வழக்கம் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் காலம் போய்விட்டது. இலங்கையில் 1941ஆம் ஆண்டு மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றக் கட்டளை வேண்டும்.

அந்தச் சட்டத்தில் எங்கள் காலத்தில் இருந்த வயதெல்லை 14. இன்றைக்கு எப்படி என்று சட்டத்தரணியிடம் முதல் நாளே கேளுங்கள். நாங்கள் 2019 முழுக்கப் கல்விச் சான்றிதழ் மதிப்பீடு, ஆங்கிலப் பரீட்சை என்று ஓடினோம். மகவேற்பை ‘விசா கிட்ட வரட்டும், பார்ப்போம்’ என்று ஒருவர் சொன்னார், கேட்டோம். 2020 பெப்ரவரியில்தான் சட்டத்தரணியிடம் போனோம். மார்ச்சில் ஊரடங்கு. ஜூனில் மூத்தவனுக்கு 14 முடிந்தது. மனு போட முதலே அவன் வெளியே நின்றுவிட்டான். அவளுடைய மனுவை மட்டும் போட்டோம். 2021இல் கட்டளை கிடைத்தது.

‘விசா கிட்ட வரட்டும்’ என்பது இன்னொரு விதத்திலும் பிழை. குடிவரவுக்காகவே செய்த மகவேற்பைக் கனடா ஏற்காது. உண்மையான பெற்றோர், பிள்ளை உறவு என்று காட்ட வேண்டும். அழைப்பு வந்த அடுத்த மாதம் கட்டளை எடுத்தால் பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? ஆகவே பழைய கடதாசிகளைச் சேருங்கள். எங்களுக்கு உதவியது பெரிய பத்திரங்கள் இல்லை. 2014இல் பள்ளிக்கூட அனுமதிப் புத்தகத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் என் கையெழுத்து, கிளினிக் கொப்பியில் என் பெயர், அவளுக்கு டெங்கு வந்தபோது வார்ட்டில் எழுதிய துண்டு, சாமத்தியவீட்டுப் படங்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து எழுதிய அறிக்கையின் உறுதிப்படுத்திய பிரதியும் எடுத்து வையுங்கள்.

பெயர் எழுத்துக்கூட்டலும் பாருங்கள். வன்னியில் போர் நேரம் பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவு பிந்தியிருக்கும். அவளின் தகப்பன் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், பள்ளிக்கூடத்தில் வேறு விதம். சத்தியக்கடதாசி முடித்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலில் மொழிபெயர்த்தோம்.

இனி, காணாமல் போனவர் விஷயம். எங்கள் பக்கத்தில் இது பல வீடுகளில் இருக்கிறது, வெளிநாட்டு வழிகாட்டி எதிலும் இருக்காது. 2010ஆம் ஆண்டு இறப்புப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம். 2016இல் அதைத் திருத்தி, மரணம் என்று சொல்லாமல், ‘காணக்கிடைக்கவில்லை’ என்று ஒரு சான்றிதழ் தர வழி செய்தார்கள். பிள்ளைகளின் அப்பம்மா கிளிநொச்சியில் இருக்கிறா. அவ இரண்டாவதைத்தான் எடுத்து வைத்திருந்தா. மகவேற்பு வழக்கில் தகப்பனின் சம்மதம் வேண்டும். ஆளைக் காணவில்லை என்பதற்கு அந்தச் சான்றிதழைக் கொடுத்தோம், நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

மூத்தவனுக்கு அது போதவில்லை. கனடாவில் நிரந்தர வதிவிடம் கிடைத்த ஒருவர், தாய் தகப்பன் இருவரையும் இழந்த, 18 வயதுக்குக் குறைந்த, மணமாகாத சகோதரத்தின் பிள்ளை, பேரப்பிள்ளை அல்லது சகோதரத்தைக் கூப்பிடலாம். அநாதைப் பிள்ளை என்றால் இரண்டு பேரும் இறந்திருக்க வேண்டும். காணவில்லை என்ற கடதாசி அங்கே செல்லாது. மரணச் சான்றிதழ் எடுப்போமா என்று அப்பம்மாவிடம் கேட்கக் கணவர் போனார். அவ தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, “தம்பி, பொடியனைக் கூட்டிக்கொண்டு போங்கோ, நான் மறிக்கேல்லை. என்ர பிள்ளையைச் சாகடிச்சுப்போட்டுக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ” என்றா. அதன் பிறகு நாங்கள் கேட்கவில்லை. மூத்தவனும் கேட்க வேண்டாம் என்றுதான் சொன்னான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், கடதாசிக்காக அவரை நெருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். வேறு ஆட்கள் வேறு விதமாகச் சொல்வார்கள்.

மனிதாபிமானக் காரணங்களுக்காக அவனையும் சேர்க்கும்படி ஒரு கடிதம், ஆதாரங்களோடு, விண்ணப்பத்தில் வைத்தோம். அப்படிக் கேட்க வழி இருக்கிறது, கேளுங்கள். எங்களுக்கு ஏற்கப்படவில்லை. 2024 ஜூனில் அவனுக்கு 18 முடிந்துவிட்டது.

மற்றவை சுருக்கமாக. சட்டப்படி உங்கள் பிள்ளை எவரையும், உங்களோடு வராவிட்டாலும், படிவத்தில் மறைக்க வேண்டாம். மருத்துவப் பரிசோதனையும் செய்விக்க வேண்டும். விட்டால் பிறகு குடும்பமாகக் கூப்பிட முடியாமல் போகலாம். குடியேறும் செலவுக்கு இருக்கிறது என்று காட்ட வேண்டிய வைப்புப் பணக் கணக்கிலும் வராத பிள்ளையையும் சேர்த்துத்தான் குடும்ப எண்ணிக்கை. அந்தப் பணம் கடனாக இருக்கக்கூடாது. 2022இல் அமெரிக்க டொலர் 200 ரூபாயிலிருந்து இரண்டு மாதத்தில் 360 வரை ஏறியபோது எங்கள் நிலையான வைப்பு டொலர் கணக்கில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. என் சீதனக் காணியில் ஒரு துண்டு விற்க வேண்டி வந்தது. அப்போது அதற்குக் கணவரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டியிருந்தது. இன்றைக்கும் வேண்டுமென்றால் அவர் நாட்டில் இருக்கும்போதே முடியுங்கள். ஆங்கிலப் பரீட்சை முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். நான் இரண்டு தரம் எழுதினேன், இரண்டாம் தரம் பக்கத்தில் இருந்த பெடியன் என்னை மேற்பார்வையாளர் என்று நினைத்து எழும்பி நின்றான். கைரேகை 14 வயதிலிருந்து 79 வரை, ஆகவே கொழும்புக்கு நடுவிலாளையும் கூட்டிப்போனோம், கடைக்குட்டி சும்மா பயணம் வந்தான். அரசாங்க வேலை என்றால் 2022 சுற்றறிக்கைப்படி ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை இருந்தது, இன்றைக்கு எப்படி என்று கேளுங்கள். எடுத்த எடுப்பில் இராஜினாமா எழுத வேண்டாம். தாதியர் அங்கே போய் உடனே தாதியாக வேலை செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம், தகுதி மதிப்பீடும் பதிவும் தனிக் கதை.

பிள்ளைகளோடு கதைப்பது எப்போது என்று கேட்பவர்களுக்கு: மனு போட முதல். நடுவிலாள் கேட்ட ஒரே கேள்வி, “அப்பாவின்ர பேர் அழிஞ்சு போயிடுமோ மாமி?” அவளின் முழுப்பெயரை மாற்றாமல் விடச் சொன்னோம்.

மூத்தவனுக்கு நாங்கள் செய்தது இது. நிரந்தர வதிவிடக்காரர் ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தால் போதும். அப்படியென்றால் ஏறக்குறைய மூன்று வருடம் வெளியே நிற்கலாம். அதனால் நாங்கள் நான்கு பேரும் விசாத் திகதிக்குள் போய் இறங்குவோம். மூன்று கிழமையில் கணவர் திரும்பி வந்து, அவன் 2025இல் ஏ.எல். எடுத்து முடிக்கும் வரை கோண்டாவிலில் நிற்பார். அந்த மூன்று கிழமைக்கு அப்பம்மா வந்து நிற்கிறா. பிறகு அவன் மாணவர் விசாவுக்குத் தன் பெயரில் விண்ணப்பிப்பான், அல்லது இங்கேயே கம்பஸ் போவான். வங்கிக் கணக்கு அவன் பெயரில் திறந்தாயிற்று. கணவரும் புறப்படும் நாளுக்காக வீட்டைப் பார்க்கும் அதிகாரப் பத்திரத்தை (அற்றோணி) அவரின் தமையனுக்கு எழுதி வைத்திருக்கிறோம்.

பயணம் வெள்ளிக்கிழமை. மூலப்பிரதிகள் எல்லாவற்றையும் கைப்பையில் வைத்திருக்கிறேன், பெட்டியில் போட வேண்டாம். ஒன்றுக்கு மட்டும் பிரதிதான் என்னிடம். அதன் மூலப்பிரதி அப்பம்மாவின் றங்குப்பெட்டியில், மகனின் சேட்டுக்குக் கீழே இருக்கிறது.