கால் டாலரில் ‘டபிள்யூ’ எழுத்தைத் தேடுங்கள்

அமெரிக்காவில் சில்லறை வாங்கும்போது 2019, 2020 என ஆண்டு பொறித்த கால் டாலர்களை மட்டும் தனியே எடுத்துவைத்து, முகப்பில் உள்ள முதல் அதிபர் வாஷிங்டன் உருவத்தின் பின்சடைக்கு வலப்புறம் உள்ள சிறிய எழுத்தைப் பாருங்கள். அது ‘டபிள்யூ’ என்றால் செலவழித்துவிடாதீர்கள். சேகரிப்பாளர்கள் அதற்கு முகமதிப்பைப் போலப் பல மடங்கு தருவார்கள்.

அந்த எழுத்துதான் நாணயச்சாலையின் குறி. ‘பி’ என்றால் பிலடெல்பியா, ‘டி’ என்றால் டென்வர். புழக்கத்தில் உள்ள கால் டாலர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு ஊர்களில்தான் அச்சாகின்றன, ஒவ்வொரு பின்பக்க வடிவமும் பொதுவாக 10 கோடிக்கும் மேல். நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலையோ அந்த இரண்டு ஆண்டுகளில் வடிவத்துக்கு 20 லட்சம் வீதம் மட்டுமே அச்சிட்டு, சாதாரணச் சில்லறையோடு கலந்துவிட்டது. 2020 நாணயமாக இருந்தால், இரண்டாம் உலகப்போர் முடிந்த 75ஆம் ஆண்டைக் குறிக்கும் ‘வி75’ முத்திரையும் முகப்பில் இருக்கும். வீட்டு உண்டியலையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது!

பிற ஆண்டுகளின் கால் டாலர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குறியே இல்லாத நாணயத்தை அரியது என்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்துவிடாதீர்கள். பிலடெல்பியாவின் ஒரு சென்ட் காசுகளில், 2017 நீங்கலாக, குறி கிடையாது. 1965 முதல் 1967 வரை எந்த நாணயத்திலும் குறி பொறிக்கப்படவில்லை. கிடைத்த காசைத் தேய்த்துக் கழுவவும் வேண்டாம், மதிப்பு குறைந்துவிடும்.