வீட்டு கராஜுக்குக் கார் லிஃப்ட் வாங்கும் முன்: தரையிலிருந்து தொடங்குங்கள்

சிமெண்ட் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஜாக் ஸ்டாண்டில் நிற்கும் காருக்கு அடியில் கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கியவர்களுக்கு லிஃப்ட் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. எந்த லிஃப்ட் என்பதில்தான் குழப்பமே. பலரும் எத்தனை டன் தூக்கும் என்பதில் ஆரம்பித்து, விலைக்குப் போய், சாமான் வந்து இறங்கிய பிறகு கூரை உயரத்தை அளக்கிறார்கள். நான் சொல்வது இதற்கு நேர் எதிரான வரிசை: முதலில் தரை, அப்புறம் கூரை, அப்புறம் உங்கள் காரும் நீங்கள் செய்யும் வேலையும், கடைசியில்தான் கேட்டலாக். இப்படிப் போனால் பாதி மாடல்கள் தாமாகவே கழன்றுவிடும், மிச்சத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இரண்டு தூண் லிஃப்ட் என்பது காரின் இருபுறமும் ஒவ்வொரு தூண் நின்று, அவற்றிலிருந்து நீளும் கைகளால் காரைத் தூக்குவது. அதை நிற்க வைப்பதே தரைக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட்டுகள்தான். கைகள் உள்பக்கமாக நீண்டு காரைத் தாங்குவதால் இரண்டு தூண்களும் காரை நோக்கிச் சாயப் பார்க்கும். அந்த இழுப்பு அடித்தகட்டின் வெளிப்பக்கப் போல்ட்டுகளுக்குப் போகும். கான்கிரீட் மெலிதாகவோ நொய்ந்தோ இருந்தால் போல்ட் முறியாது, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைக் கூம்பு வடிவத்தில் பெயர்த்துக்கொண்டு மேலே வரும். வீட்டு ரக லிஃப்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கேட்பது குறைந்தது 4 அங்குலத் தடிமன், அதாவது சுமார் 100 மி.மீ., 3000 பிஎஸ்ஐ வலிமை, அதாவது சுமார் 21 மெகாபாஸ்கல். சில மாடல்களுக்கு 6 அங்குலம் வேண்டும். நீங்கள் வாங்கும் மாடலின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் பொறுத்துதான் துளை போட வேண்டும்.

உங்கள் தரை எத்தனை அங்குலம் என்று யாரிடமும் கேட்காதீர்கள், கட்டியவரிடம்கூட. நீங்களே பாருங்கள். தூண் நிற்கப்போகும் இடத்தில் ஹேமர் டிரில்லை வைத்து ஒரு சின்னத் துளை போடுங்கள். கான்கிரீட்டில் இருக்கும்வரை டிரில் கையை எதிர்த்துக்கொண்டே இருக்கும், அடியில் மண்ணைத் தொட்டதும் சட்டென்று உள்ளே போகும், வெளியே வரும் தூளும் சாம்பல் நிறத்திலிருந்து மண் நிறத்துக்கு மாறும். ஒரு கம்பியின் நுனியைக் கொக்கி போல வளைத்து உள்ளே விட்டு, அடிவிளிம்பில் மாட்டி இழுத்து, தரை மட்டத்தில் விரலை வைத்து அளந்துகொள்ளுங்கள். இரண்டு தூணுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் ஒரே தரையில் ஒரு பக்கம் 5 அங்குலமும் மறுபக்கம் மூன்றரையும் இருப்பது சாதாரணம். துளை தடிமனைத்தான் சொல்லும், வலிமையைச் சொல்லாது. அதில் சந்தேகம் இருந்தால் ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்துச் சோதித்துவிடுங்கள்.

துளை போடும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. தரைக்குள் இழுவிசை ஏற்றிய எஃகு வடங்கள் போட்ட போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் என்றால் அதைத் துளைக்கவே கூடாது. வடம் அறுந்தால் ஆபத்து, ஸ்லாபும் வீணாகும். தரைக்குள் சூடாக்கும் குழாயோ மின் குழாயோ ஓடினாலும் அப்படித்தான். கீழே இன்னொரு தளம் இருக்கும் இடத்தில் இரண்டு தூண் லிஃப்டை மறந்துவிடுங்கள். டைல்ஸ் ஒட்டியிருந்தால் தூண் வரும் இடத்தில் அதைப் பெயர்த்துவிட்டு வெறும் கான்கிரீட்டின் மேல்தான் அடித்தகடு உட்கார வேண்டும். விரிசல், ஸ்லாப் இணைப்பு, ஓரம் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், அதைக் குறைக்காதீர்கள். தரை மெலிதாக இருக்கிறதே என்று மனம் உடைய வேண்டாம்: தூண் வரும் இடத்தில் சதுரமாக வெட்டியெடுத்து, கம்பி கட்டி, ஆழமாகப் புதுக் கான்கிரீட் போடலாம், அதற்கான அளவைப் பல தயாரிப்பாளர்களே கொடுக்கிறார்கள்.

சரி, கூரைக்கு வருவோம். இங்கே எல்லோரும் போடும் கணக்கு, லிஃப்ட் தூக்கும் உயரத்தோடு காரின் உயரத்தைக் கூட்டுவது. அது கொஞ்சம் தவறு. லிஃப்டின் கை நுனியில் உள்ள தாங்குபேட் காரின் அடிப்பக்கத்தைத் தொடும்போதே தரையிலிருந்து சுமார் 20 செ.மீ. மேலே இருக்கும். ஆகவே பேட் 1.8 மீட்டரில் நிற்கும்போது சக்கரம் தரையிலிருந்து 1.6 மீட்டரில்தான் இருக்கும். 1.5 மீட்டர் உயரமுள்ள செடான் என்றால் அதன் கூரை 3.1 மீட்டருக்கு வரும், 1.8 மீட்டர் எஸ்யூவி என்றால் 3.4. உங்கள் கராஜ் 2.7 மீட்டர்தான் என்றால்? அந்த செடானைப் பேட் 1.3 மீட்டர் வரும்வரைத் தூக்கலாம். நிமிர்ந்து நிற்க முடியாது, சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்யலாம். பிரேக், சஸ்பென்ஷன், ஆயில் என்று பெரும்பாலான வேலைகளுக்கு அது தாராளமாகப் போதும். கூரை தாழ்வு என்பதற்காக லிஃப்ட் யோசனையையே கைவிட வேண்டாம்.

ஆனால் தூணின் உயரமும் கூரைக்குள் அடங்க வேண்டுமே. இரண்டு தூண் லிஃப்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இரண்டு பக்கத்தையும் சமமாக வைத்திருக்கும் கம்பிவடமும் ஹைட்ராலிக் ஹோஸும் தலைக்கு மேலே ஒரு குறுக்குச் சட்டம் வழியாகப் போகும். தரை காலியாக இருக்கும், கியர்பாக்ஸ் ஜாக்கியை உருட்டிக்கொண்டு போகலாம், ஆனால் மொத்த உயரம் பெரும்பாலும் மூன்றரை மீட்டரைத் தாண்டும். இன்னொன்றில் அவை தரையில் ஒரு தகட்டு மூடிக்கு அடியில் போகும். உயரம் மூன்று மீட்டருக்குள் அடங்கும், பதிலுக்கு நடுவில் ஒரு மேடு இருந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான் சரிப்படும்.

கூரையை அளக்கும்போது கராஜ் கதவை முழுவதும் திறந்து வைத்து அளக்கவும். மேலே மடங்கிச் செல்லும் கதவு என்றால் அதன் தண்டவாளமும் மோட்டாரும் சரியாகக் கார் மேலேறும் இடத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். தண்டவாளத்தைக் கூரையோடு ஒட்டி உயர்த்தி, மோட்டாரைச் சுவர்ப்பக்கம் மாற்றினால் நிறைய இடம் கிடைக்கும். பானட்டும் டிக்கிக் கதவும் திறந்திருந்தால் எவ்வளவு உயரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்குகளைக் கூரையில் போடாமல் சுவரில் போட்டால் தூக்கிய காரின் அடியிலும் வெளிச்சம் விழும்.

அகலத்துக்கு இரண்டு தூண் லிஃப்ட் சுமார் மூன்றரை மீட்டர் எடுக்கும், அதற்கு வெளியே ஆள் நடக்க இடம் வேண்டும். நீளத்தில் காருக்கு முன்னும் பின்னும் நின்று ஸ்பானரைச் சுழற்ற இடம் இருந்தால் சரி.

இப்போது கார். 4 டன் லிஃப்ட் என்றால் ஒவ்வொரு கையும் 1 டன், அவ்வளவுதான். மொத்தம் 4 டன்னுக்குள் இருக்கிறதே என்று முன்பக்கம் மட்டும் கனமான வண்டியை ஏற்றினால் முன்கைகள் அளவைத் தாண்டிவிடலாம். சாதாரணக் காருக்கு இது பிரச்சினை இல்லை: 2 டன் கார், 60 சதவீதம் முன்னால் என்றாலும் முன்கை ஒவ்வொன்றுக்கும் 600 கிலோதான். பிக்கப், வேன், பின்னால் சாமான் நிறைந்த வண்டி என்றால்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதைவிடப் பலருக்குத் தடையாவது கைகளின் நீளமும் உயரமும். கை முழுவதும் சுருங்கினால் எவ்வளவு, நீண்டால் எவ்வளவு, பேட் மிகத் தாழ்ந்த நிலையில் தரையிலிருந்து எவ்வளவு என்ற மூன்று எண்களையும் கேட்டு வாங்கி, உங்கள் காரின் தூக்கும் புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கையே உள்ளே நுழையாமல் போகலாம். சேஸிஸ் (அடிச்சட்டம்) தனியாக உள்ள வண்டிக்குப் பெரும்பாலும் உயரம் கூட்டும் அடாப்டர் வேண்டும். மின்சாரக் காரில் அடிப்பக்கம் பெரும்பாலும் பேட்டரிதான், பேட் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பட்டாலும் பேட்டரிப் பெட்டி நசுங்கலாம், ஆகவே தயாரிப்பாளர் குறித்த புள்ளிகளைத் தவிர வேறு எங்கும் வைக்கக் கூடாது.

அடுத்து நீங்கள் செய்யும் வேலை. சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன், கிளட்ச் என்று எல்லாம் கழற்றுபவர் என்றால் இரண்டு தூண்தான், நான் யோசிக்காமல் சொல்வேன்: நான்கு சக்கரமும் காற்றில் தொங்கும், அடியில் எதுவும் குறுக்கே வராது. நான்கு தூண் லிஃப்டில் கார் தன் சக்கரத்தில் ஓடுபாதை மேலேயே நிற்கும். ஆயில் மாற்றவும், சைலன்சர் பார்க்கவும், ஒரு காருக்கு மேல் இன்னொரு காரை நிறுத்தவும் அருமை. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் ஓடுபாதைகளுக்கு நடுவே உருளும் தனி ஜாக்கி வாங்க வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். கத்தரிக்கோல் போல விரிந்து மடியும் சிசர் லிஃப்ட் இடத்தை அடைக்காது, ஆனால் நடுத்தர உயர ரகங்களில் அதன் உடம்பே காரின் நடுப்பகுதியை மறைத்துக்கொள்ளும். டயருக்கும் பிரேக்குக்கும் நல்லது, கியர்பாக்ஸுக்கு உதவாது. துளை போட முடியாத தரை, வாடகை வீடு என்றால் இரண்டு நீளச் சட்டங்களாக வரும் தூக்கி வைக்கக்கூடிய லிஃப்ட் இருக்கிறது. அரை மீட்டர் அளவுக்குத்தான் தூக்கும் என்றாலும் ஜாக் ஸ்டாண்டோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்காதது மெக்கானிக்கல் லாக். லிஃப்ட் மேலே போகும்போது டக், டக் என்று கேட்பது லாக் ஒவ்வொரு படியாகத் தாண்டும் சத்தம். வேண்டிய உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நிறுத்தி, இறக்கும் நெம்புகோலை மெதுவாக அழுத்தினால் கார் ஓரிரு அங்குலம் இறங்கி இரண்டு தூணிலும் லாக்கின் மேல் உட்காரும். அப்படி உட்கார்ந்த பிறகுதான் அடியில் போக வேண்டும். எடையை ஹைட்ராலிக் எண்ணெய் தாங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு நிமிடம்கூடப் போகக் கூடாது. கைகள் தாமாக வெளிப்பக்கம் திரும்பாதபடி பூட்டும் பல் அமைப்பும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஏஎல்ஐ (ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிட்யூட்) என்ற அமைப்பின் சான்றும், ஐரோப்பாவில் இஎன் 1493 தரமும் இதற்கென்றே உள்ளவை. சான்று இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், அந்த மாடல் எண்ணை ஏஎல்ஐ பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள்.

மோட்டார் சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா என்று கேட்க மறக்க வேண்டாம், அது உங்கள் வீட்டு மின் இணைப்போடு பொருந்த வேண்டும். பெரிய பட்டறையிலிருந்து வரும் பழைய லிஃப்டுகள் பல த்ரீ ஃபேஸ். பழையது வாங்குவதே தவறில்லை, ஆனால் அடித்தகட்டில் துரு, வெல்டிங்கில் மயிரிழை விரிசல், கம்பிவடத்தில் அறுந்த இழைகள், சிலிண்டரில் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாடல் எண் பொறித்த தகடு இல்லையென்றால் கையேடும் கிடைக்காது, உதிரிபாகமும் கிடைக்காது, அதைத் தொடாதீர்கள். ஆங்கர் போல்ட்டை மட்டும் எப்போதும் புதிதாகவே வாங்குங்கள்.

பொருத்தும் நாளில் துளைக்குள் இருக்கும் தூளை முழுவதும் ஊதி வெளியேற்றிய பிறகே ஆங்கரை அடித்து இறக்க வேண்டும், தூள் இருந்தால் பிடிப்பு வராது. போல்ட்டைக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். காரில்லாமல் சில தடவை மேலே கீழே ஓட்டி ஹைட்ராலிக் எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றி, இரண்டு பக்கமும் லாக் ஒரே நேரத்தில் விழுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு காரை ஏற்றி, சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் நிறுத்தி, பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு மேலே கொண்டு போங்கள். இந்த ஆட்டும் சோதனை ஒவ்வொரு முறையும் உண்டு. இன்ஜினையோ பின் ஆக்சிலையோ கழற்றும்போது கனம் மறுபக்கம் சாயும் என்பதால், எடை மிஞ்சும் பக்கத்தில் உயரமான தாங்குகாலை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். முதல் சில வாரம் ஓட்டிய பிறகு ஆங்கர் போல்ட்டுகளின் டார்க்கையும் கம்பிவடங்களின் இறுக்கத்தையும் மறுபடி பாருங்கள். அதற்குப் பின் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது கையேட்டில் இருக்கும்.