கோபால்ட் கலந்த ஜிங்க் ஆக்சைடு படலம்: செய்வது எளிது, நம்புவதுதான் கஷ்டம்

ஜிங்க் ஆக்சைடு (துத்தநாக ஆக்சைடு) ஒரு குறைகடத்தி. மாங்கனீஸ் 5 சதவீதம் கலந்த பி வகை (நேர்மின் துளைகளால் மின்சாரம் கடத்தும்) ஜிங்க் ஆக்சைடு, அறை வெப்பநிலையிலும் காந்தமாக இருக்கலாம் என்று 2000-இல் இயற்பியலாளர் டீட்ல் குழுவினர் கணித்தார்கள். அப்புறம் பல ஆய்வகங்கள் கோபால்ட்டையும் கலந்து பார்த்தன. சில இடங்களில் காந்தம் வந்தது, சில இடங்களில் வரவே இல்லை. ஏன் என்பது செய்து பார்த்தால் புரியும்.

படி 1: கரைசல். 2-மெத்தாக்சிஎத்தனால் 20 மில்லியில் ஜிங்க் அசிட்டேட் டைஹைட்ரேட் 2.085 கிராம், கோபால்ட் அசிட்டேட் டெட்ராஹைட்ரேட் 0.125 கிராம் போடுங்கள். 100 உலோக அணுவுக்கு 5 கோபால்ட் என்பது கணக்கு. 60 டிகிரி செல்சியஸில் கலக்கியபடியே மோனோஎத்தனாலமைன் 0.6 மில்லியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கரைப்பானின் ஆவி உடலுக்குக் கெடுதல், அதனால் எல்லாம் ஃபியூம் ஹூடுக்குள்தான் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி). கலக்கும் காந்தக் கட்டியின் டெஃப்லான் உறை கீறியிருந்தால் உள்ளே இருக்கும் காந்தப் பொருள் கரைசலில் கலந்துவிடும், தூக்கிப்போட்டுவிடுங்கள்.

படி 2: படலம். சாதாரணக் கண்ணாடியில் இரும்பு கொஞ்சம் இருக்கும், குவார்ட்ஸ் எடுங்கள். அதன்மேல் கரைசலை விட்டு, 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) 30 விநாடி சுழற்றி, 300 டிகிரியில் 10 நிமிடம் உலர்த்துங்கள். தடிமன் 200 நானோமீட்டர் ஆகும்வரை இதையே திரும்பச் செய்து, கடைசியில் 500 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுங்கள்.

படி 3: கோபால்ட் எங்கே உட்கார்ந்தது? படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் (தாமிரக் குழாய்க் கதிருக்கு) 34.4 டிகிரிக் கோணத்தில் ஜிங்க் ஆக்சைடின் சிகரம் வரும். ஆனால் சில நானோமீட்டர் அளவுள்ள கோபால்ட் உலோகத் திட்டுகள் இதில் தப்பிவிடும். படலம் லேசான பச்சையாக இருந்து, ஒளி உறிஞ்சலில் 570, 610, 660 நானோமீட்டர் அருகே மேடு தெரிந்தால், கோபால்ட் அயனிகள் துத்தநாகத்தின் இடத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். எல்லா கோபால்ட்டும் அங்கேதான் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 4: காந்த அளவீடு. இங்கேதான் நிதானம் வேண்டும். 5 மில்லிமீட்டர் சதுரத் துண்டில், கோபால்ட் அணு ஒவ்வொன்றும் ஒரு போர் மேக்னெட்டான் (அணுவின் காந்தத் திருப்புத்திறனை அளக்கும் அலகு) தந்தால்கூட மொத்தம் சுமார் 0.0001 ஈஎம்யூ (கருவி காட்டும் காந்தத் திருப்புத்திறனின் அலகு). அதே சைகையை 0.45 மைக்ரோகிராம் இரும்பு தந்துவிடும். ஏறக்குறைய 40 மைக்ரான் பக்கமுள்ள ஒரு துகள், கண்ணுக்கே சரியாகத் தெரியாது. எஃகு இடுக்கியால் ஒருமுறை பிடித்தாலே அது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் அல்லது பீங்கான் இடுக்கிதான் பாதுகாப்பு.

காந்தப்புலத்தை ஏற்றி இறக்கி அளந்து வரையும் வரைபடத்தில், அதிகக் காந்தப்புலத்தில் கீழே சரியும் நேர்கோடு குவார்ட்ஸுடையது. அதைக் கழித்தபின் மிஞ்சும் வளையத்தைப் பாருங்கள், காந்தத்தின் அடையாளம் அதுதான். கூடவே கோபால்ட் இல்லாத படலம் ஒன்றையும் இதே கரைப்பான், இதே அடுப்பு, இதே இடுக்கியில் செய்து அளக்க வேண்டும். அதிலும் வளையம் வந்தால் கோபால்ட்டைப் பற்றி எழுத வேண்டாம், இரும்பு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.